வெர்டிகல் ஃபார்மிங் படிக்கணும் என்கிறாள் மகள், பணம் கட்டலாமா?

கேள்வி: மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். பயோ-மேக்ஸ் குரூப், ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி. நர்சிங்கோ பி.காமோ சேர்த்துவிடலாம் என்று இருந்தோம். இப்போது, கட்டடத்துக்குள் அடுக்கடுக்காகத் தட்டு வைத்து விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்ப்பார்களாமே, அந்த ‘வெர்டிகல் ஃபார்மிங்’தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸ், 85,000 ரூபாய், வேலைக்கு கேரண்டி என்கிறார்கள். அவள் அப்பா கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டலாமா?
(ஒரு தாய், தண்டையார்பேட்டை)

பதில்:

கட்ட வேண்டாம் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஆனால் பெண்ணின் ஆசையை ‘யூடியூப் பார்த்து வந்த கிறுக்கு’ என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அவளுக்குச் செடி பிடிக்கிறது, அதுவும் மெஷினோடு சேர்ந்த செடி பிடிக்கிறது. அதற்குத் தோதான படிப்பு குறைந்த செலவிலேயே கிடைக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அவள் பார்த்த வீடியோவில் எது உண்மை, எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று பார்த்துவிடலாம்.

இந்த யோசனையை உலகம் முழுக்கப் பேச வைத்தவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியர். 1999-ல் வகுப்பு மாணவர்களோடு அவர் போட்ட கணக்கிலிருந்து கிளம்பியது இது. மண் கிடையாது. உரம் கரைத்த தண்ணீர் வேருக்கடியில் ஓடும், வெயிலுக்குப் பதில் எல்இடி விளக்கு, உள்ளே ஏசி. வயலில் செலவாகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு போதும், பூச்சிமருந்து அநேகமாகத் தேவைப்படாது, மழை பொய்த்தாலும் அறுவடை நிற்காது. இதெல்லாம் நிஜம்தான். துபாயில் 2022-ல் திறந்த ஒரு பண்ணை வருஷத்துக்குப் பத்து லட்சம் கிலோ கீரை வகைகளை எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. பாலைவனத்தில், விமானத்தில் வந்து இறங்கும் கீரையோடுதான் அதற்குப் போட்டி என்பதால் அங்கே கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது.

நம் பக்கம் வருவோம். சென்னைக்குக் கீரை செங்குன்றம், சோழவரம் பக்கத்திலிருந்தே வந்துவிடுகிறது. சூரியன் கரண்ட் பில் அனுப்புவதில்லை. உள்ளறையில் ஒரு கிலோ லெட்யூஸ் (சாலட்டில் போடும் இலை) வளர்க்க, விளக்குக்கும் ஏசிக்கும் சேர்த்துச் சுமார் பத்து யூனிட், பல இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே கரண்டுக்கு மட்டும் 80 ரூபாய். வாடகை, சம்பளம், விதை, உரம், பேக்கிங் எல்லாம் தனி. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் உண்டே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வயலில் ஓடும் பம்புசெட்டுக்கு, குடோனில் எரியும் விளக்குக்கு இல்லை. அதனால்தான் இந்தப் பண்ணைகளில் சிறுகீரையோ அரைக்கீரையோ போடுவதில்லை. லெட்யூஸ், பேசில் (இத்தாலியச் சமையலில் போடும் துளசி வகை), மைக்ரோகிரீன் (முளைத்த சில நாளிலேயே அறுக்கும் இளங்கீரை) என்று நட்சத்திர ஓட்டலும் கஃபேயும் வாங்குகிற சரக்குதான். நெல், பருப்பு எல்லாம் இதில் கட்டுப்படியாகவே ஆகாது.

வெளிநாட்டிலும் பெரிய பெரிய கம்பெனிகள் இந்தக் கணக்கில்தான் அடிபட்டன. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023-ல் திவால் மனு போட்டது. பவரி 2024 கடைசியில் மூடிவிட்டது. பிளென்டி 2025-ல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. உங்கள் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லுங்கள், அவருக்குச் சட்டென்று புரியும்: பாஸ்டனில் ஃப்ரைட் ஃபார்ம்ஸ் என்று ஒரு கம்பெனி, கண்டெய்னருக்குள்ளேயே பண்ணை அமைத்து விற்றது. அதுவும் 2025-ல் கடையைக் கட்டிவிட்டது. எல்லாம் கோடிக்கணக்கில் முதலீடு வாங்கிய கம்பெனிகள். தொழிலே பொய் என்று நான் சொல்ல வரவில்லை, சில இடங்களில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் இப்படி ஆட்டம் காணும் துறையில் ‘வேலை கேரண்டி’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கம்பெனியில், என்ன சம்பளம், போன பேட்சில் சேர்ந்தவர்களின் போன் நம்பர் கொடுங்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வடசென்னையிலேயே ஆரம்பிக்கலாம் என்று மகள் சொன்னால் அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். ‘ஈசி மீட்டர்’ என்று பேனா மாதிரி ஒரு கருவி ஆன்லைனில் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். லெட்யூஸுக்கு உரம் கலந்த பிறகு அது 1.2-லிருந்து 1.8 வரை காட்ட வேண்டும். உங்கள் தெரு போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, உரம் எதுவும் போடாமலேயே மீட்டரை முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடல் ஏறிய நிலத்தடி நீர் உள்ள தெருக்களில் வெறும் தண்ணீரே அந்த அளவைத் தாண்டி நிற்கும். செடிக்குச் சோறு போடும் முன்பே தட்டில் உப்பு நிரம்பிவிட்ட கதை. அப்புறம் ஆர்ஓ வைக்க வேண்டும், ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீரை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது சூடு. வேரில் ஓடும் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் லெட்யூஸ் சந்தோஷமாக இருக்கும். மே மாதம் தண்டையார்பேட்டை மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிக் கொழகொழத்து அழுகும். அதற்கு சில்லர் என்கிற தண்ணீர் குளிர்விக்கும் மெஷின் வேண்டும், சில்லருக்கு மறுபடியும் கரண்ட். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனையோ தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பம்பு நின்றால் இந்த முறையில் வேர் சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்கிவிடும். மழை வெள்ளத்தையெல்லாம் தாண்டிய விவசாயம் என்று விளம்பரத்தில் சொல்பவர்கள் ஜெனரேட்டர் டீசல் செலவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சரி, இத்தனை சிக்கலையும் சமாளிக்கிற ஆள் யார்? செடியின் உடம்பு தெரிந்தவர், தண்ணீரும் குளிரும் தெரிந்தவர். கம்பெனி மூடினாலும் அவருக்கு வேலை போகாது. ஓசூர் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரைக்கடியில் பூவும் காயும் வளர்க்கும் பண்ணை) இருக்கிறது, திசு வளர்ப்பு லேப் இருக்கிறது, நர்சரி, விதை கம்பெனி எல்லாம் இருக்கின்றன. அதனால் மகளை வெர்டிகல் ஃபார்மிங்குக்கு அனுப்பாதீர்கள், தோட்டக்கலைக்கு அனுப்புங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி ஹானர்ஸ் தோட்டக்கலை நான்கு வருஷப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். பெரியகுளத்தில் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் பெண்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, வயதுக்கு வந்த பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றீர்களே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சீட்டு. 2021-ல் வந்த சட்டப்படி வேளாண் படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. படித்து முடித்தால் டிஎன்பிஎஸ்சி மூலம் தோட்டக்கலை அலுவலர் வேலைக்கும், வங்கிகளில் வேளாண் அதிகாரி தேர்வுக்கும் எழுதலாம். லெட்யூஸ் கம்பெனி வந்தாலும் போனாலும் இந்தக் கதவுகள் மூடாது.

கட் ஆஃப் எட்டவில்லை என்றால் இரண்டு வருஷ தோட்டக்கலை டிப்ளமோ இருக்கிறது. வெளியூரே வேண்டாம் என்றால் பாரதி மகளிர் கல்லூரியில் தாவரவியல் சேர்த்துவிட்டு, சனி ஞாயிறில் மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கும் ஏதாவது ஒரு ஹைட்ரோபோனிக்ஸ் பண்ணையில் கை வேலை பழகச் சொல்லுங்கள். இன்னொரு வழியும் உண்டு, பெற்றோர் யாரும் கேட்பதில்லை: ஐடிஐ-யில் ஏசி, குளிர்பதன மெக்கானிக் படிப்பு, இரண்டு வருஷம். பெண்களும் சேரலாம். இந்தப் பண்ணைகளில் பாதி வேலை அதுதான். மணலி, மாதவரம் பக்கம் கிடங்குகளிலும் உங்கள் வீட்டுக்காரர் பார்க்கும் ரீஃபர் (குளிரூட்டும்) கண்டெய்னர்களிலும் அதே வேலைதான்.

ரிசல்ட் கையில் இருக்கிறது, விண்ணப்பம் ஆன்லைனில். இந்த வாரம் முதல் வேலையாகப் பள்ளிக்குப் போய், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்தும் சீலும் வைத்து வாங்கிவிடுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும், அதற்குத்தான் அலைச்சல். சாதிச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ‘இரண்டே சீட்தான் பாக்கி, இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள்’ என்று அந்த சர்டிபிகேட் கோர்ஸ்காரர்கள் போன் செய்தால், கவுன்சலிங் முடியட்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.