டிஸ்பென்சரியை இடம் மாற்றுமுன் யாரிடம் கேட்பது?

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமிருக்கும் அப்பாவின் டிஸ்பென்சரியை டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் ஒரு மாடிக்கு மாற்ற யோசிப்பதாகவும், சுவரில் ஒட்டிய அறிவித்தலுக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதைச் சம்மதமென்று எடுக்காதீர்கள். டொக்டரின் முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்ல எங்கட ஆட்களுக்கு வாய் வராது.

அதைவிட, காலி வீதியைக் கடந்து படியேற ஏலாத அம்மம்மாமார் அந்த அறிவித்தலையே கண்டிருக்க மாட்டார்கள். அவர்களின் பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளைப் பிள்ளைகள்தானே வந்து எடுத்துப் போகிறார்கள்? மருந்து கட்டித் தருபவரைக் கொண்டு அந்த அம்மம்மாமாருக்கே கோல் எடுப்பியுங்கள். ‘விருப்பமா’ என்றல்ல, ‘எப்படி வருவீர்கள், படி ஏறுவீர்களா’ என்று கேட்கட்டும். சிங்கள நோயாளரிடம் சிங்களத்தில். எல்லாம் அட்வான்ஸ் கொடுக்க முதல்.

லிஃப்ட் இல்லையென்றால் கீழ்த்தளமாகவே தேடுங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்தின் (2006) கீழுள்ள பதிவை புதிய விலாசத்துக்கு எடுப்பது பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள்.