அணைக்குக் கீழே ஆற்றங்கரை நிலம்: வண்டல் அடித்தால் சரியாகுமா?

கேள்வி: ஆற்றை ஒட்டிய நிலம். மேலே அணை கட்டியபின் வயலில் வெள்ளம் ஏறுவதே இல்லை. மண் இறுகிவிட்டது. தாழ்ந்த மூலையில் உப்பு பூக்கிறது. கிணறு ஆண்டுக்காண்டு இறங்குகிறது, கரையும் சரிகிறது. வண்டல் வாங்கி அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன நான்குக்கும் அணைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மணலும் வண்டலும் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. தெளிந்து வரும் தண்ணீர் ஆற்றின் அடிமணலை அரிக்கிறது. படுகை தாழத் தாழ, ஆற்று ஊற்றை நம்பிய கிணறும் தாழ்கிறது. மணல் அள்ளுவதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நைல் நதியில் 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வண்டல் வரத்து நின்றது. உழவர்கள் உரத்தை நம்ப வேண்டியதாயிற்று, வடிகால் இல்லாத வயல்களில் உப்பும் ஏறியது.

முன்பு வெள்ளம் உப்பைக் கழுவிக்கொண்டு போனது. இப்போது கிணற்று நீர் தரும் உப்பு அங்கேயே தங்குகிறது. எனவே முதலில் கிணற்று நீரையும் மண்ணையும் ஆய்வுக்குக் கொடுங்கள். வெள்ளப்படுகை மண்ணில் மணலும் களியும் அடுக்கடுக்காகக் கிடக்கும். மேல்மண் மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். 0–15, 15–30, 30–60, 60–90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுத்து, உப்பு பூத்த இடத்தை வேறாக வையுங்கள்.

கார அமில நிலை 8.5-க்கு மேலும் சோடியம் மிகுந்தும் இருந்தால் களர். ஆய்வகம் சொல்லும் அளவு ஜிப்சத்தைத் தூவி, மேல் 10 செ.மீ. மண்ணில் கலந்து, நல்ல தண்ணீர் கட்டி வடியுங்கள். வெறும் உவர், அதாவது சோடியம் மிகாமல் உப்பு மட்டும் கூடிய மண், என்றால் ஜிப்சம் வீண்செலவு. நல்ல நீரும் வடிகாலும் போதும். வடிகால் வெட்டாமல் தண்ணீர் மட்டும் கட்டினால் உப்பு திரும்ப மேலே வரும், இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

இறுக்கத்துக்குப் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருவாயில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். அதன் பிறகு வண்டல். வாங்கும் வண்டலையும் உப்புக்குச் சோதியுங்கள். களிமிகுந்த வயலில் களிவண்டல் சேர்த்தால் இறுக்கம் கூடும்.

கரையில் விளிம்புக்கு இணையாக வெடிப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் டிராக்டர் ஓட்டாதீர்கள், பாய்ச்சலையும் நிறுத்துங்கள். அணைநீர் சட்டென்று குறையும்போது நீர் ஊறிக் கனத்த கரை பிடிமானமின்றி விழும். வெட்டிவேரை 10–15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நட்டால் மேல்மண் நிற்கும், ஆனால் அடிவாரம் அரிபட்டால் செடியும் சேர்ந்தே சரியும். அடிவாரத்துக்குக் கல் அடுக்க வேண்டும். பொறியாளர் பார்த்து, பக்கத்து நிலத்தாரும் சேர்ந்து செய்கிற வேலை அது. தனியாக உங்கள் எல்லையில் மட்டும் அடுக்கினால் நீரோட்டம் கல்லின் முனையைச் சுற்றி அரிக்கும்.

வெள்ளம் இல்லாத ஆண்டுகளில் ஆற்றுக்குள் புதர் மண்டி நீர்வழி குறுகியிருக்கும். அணை நிரம்பி மொத்தமாகத் திறந்தால் பழைய உயரத்தையும் தாண்டலாம். மோட்டாரையும் விதை மூட்டையையும் தாழ்வில் வைக்காதீர்கள்.