கருத்துப்போன கோப்பை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எங்கள் குரோக்கே (மரச்சுத்தியால் பந்தைத் தட்டி வளையங்களுக்குள் செலுத்தும் ஆட்டம்) கிளப்பின் சாமான் அறையைக் காலி செய்தபோது, உடைந்த மரச்சுத்திகளுக்கும் வளைந்துபோன வளையங்களுக்கும் அடியில் ஒரு கோப்பை கிடைத்தது. காணாமல் போனதாகப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த சாம்பியன் கோப்பைதான். கன்னங்கரேலென்று இருக்கிறது. பளபளவென்று தேய்த்து ஆண்டு விழாவில் வைக்கலாம் என்று பார்த்தால், அதில் பெயர் உள்ள ஒருவரின் பேரன், "அது தாத்தா ஜெயித்தது, எங்களுக்குத்தான் சொந்தம்" என்கிறார். என்ன செய்வது?
— கிளப் செயலாளர்

பதில்: அந்தப் பேரனை உடனே விரட்டிவிடாதீர்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். அந்தக் காலத்தில் பல போட்டிகளில், மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவர் கோப்பையை வீட்டுக்கே எடுத்துப் போய்விடலாம். விம்பிள்டன் டென்னிஸிலேயே அப்படித்தான் இருந்தது. 1881 முதல் 1883 வரை ஜெயித்த வில்லியம் ரென்ஷா முதல் கோப்பையைச் சொந்தமாக்கிக்கொண்டார். புதிதாக ஒன்று வைத்தார்கள். 1886க்குள் அதுவும் அவரிடமே போனது! கிளப்புக்குக் கட்டுப்படியாகுமா? 1887இல் 100 கினி (அந்தக் கால பிரிட்டிஷ் பணக் கணக்கு) கொடுத்து இன்னொன்று வாங்கி, இதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று முடிவெடுத்தார்கள்.

அதனால் பெயர்களை வரிசையாகப் படியுங்கள். தாத்தாவுக்குப் பிறகும் வேறு பெயர்கள் தொடர்கின்றனவா? அப்படியானால் அது ஒவ்வொரு முறையும் ஜெயித்தவரிடம் கைமாறும் சுழல்கோப்பை, பெரும்பாலும் கிளப்பினுடையது. தாத்தாவின் பெயர் தொடர்ந்து மூன்று முறை வந்து அதோடு நின்றிருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். கூட்ட முடிவுகளை எழுதிவைத்த பழைய மினிட்ஸ் புத்தகத்தையும் போட்டி விதிகளையும் தேடுங்கள். பேரனிடம் கடிதமோ புகைப்படமோ உண்டா என்று கேளுங்கள். அப்புறமும் தெளியவில்லை என்றால் வக்கீலிடம் போகலாம்.

அதுவரை பாலிஷ் பக்கமே போகாதீர்கள். அந்தக் கருப்பு வெறும் அழுக்கு இல்லை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு, வெள்ளியின் மேல்பரப்பே வெள்ளி சல்பைடாக மாறியிருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் அதோடு கொஞ்சம் வெள்ளியும் போகும், பொறித்த எழுத்தும் மழுங்கும். உங்கள் வழக்குக்குச் சாட்சியே அந்த எழுத்துதானே! பற்பசை வேண்டவே வேண்டாம், கீறல் விழும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, பஞ்சுத் துணி. ஈரத்தை உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். இப்போதைக்கு இது போதும்.

பிறகு ஒரு லென்ஸை வைத்து விளிம்பையும் அடிப்பகுதியையும் பாருங்கள். பிரிட்டனில் செய்தது என்றால், முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கான முத்திரை. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே இருக்கும் ஒற்றை எழுத்து, முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லும். 'ஈ.பி.என்.எஸ்' (EPNS) என்று இருந்தால் வெள்ளி முலாம் மட்டுமே. அதை இன்னும் மெதுவாகக் கையாள வேண்டும், முலாம் தேய்ந்தால் உள்ளிருக்கும் உலோகம் பல்லிளிக்கும்.

எல்லாப் பக்கமும் படமெடுத்து, எடை பார்த்து, இன்சூரன்ஸில் சேர்த்துவிடுங்கள். விடுபட்ட ஆண்டுகளுக்கு யாரோ நினைவிலிருந்து சொல்லும் பெயர்களைப் பொறிக்க வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். ஆண்டு விழாவில் வைத்தே ஆகவேண்டும் என்றால் பேரனையும் கூப்பிட்டு, உரிமை இன்னும் முடிவாகவில்லை என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு வையுங்கள்.