கேட்டுக்கு உள்ளே: ஓய்வுபெற்ற துணை ஜெயிலரிடம் சில கேள்விகள்

பொள்ளாச்சி, சட்ட மாணவி: சிறைக் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நிஜமாகவே எதுவும் மாறுமா, ஐயா?

மாறும் அம்மணி. ஒன்றே ஒன்று சொல்கிறேன். தினமும் குடித்துப் பழகியவர் ரிமாண்டில் உள்ளே வருகிறார். சரக்கு நின்ற இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார், ராத்திரியெல்லாம் கத்துவார். விவரம் தெரியாத காவலர் "நடிக்கிறான்" என்று லத்தியை எடுப்பார். தெரிந்தவர் உடனே மருத்துவரை எழுப்புவார். ஏனென்றால் அது வலிப்பு வந்து உயிரே போகக்கூடிய நிலை. சேர்க்கும்போதே "கடைசியாக எப்போது குடித்தீங்க?" என்று கேட்டு எழுதிவைத்தால் பாதி ஆபத்து குறையும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குவதும் பயிற்சிதான்.

காயங்களும் அப்படித்தான். வரும்போதே மருத்துவர் பார்த்துக் குறித்துவிட வேண்டும். "இது எங்கே பட்ட அடி?" என்று பின்னால் நீதிபதி கேட்டால், கைதிக்கும் காவலருக்கும் அந்தக் குறிப்புதான் சாட்சி.

தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்காக வேலூரில் 1979 முதலே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் ராத்திரி பாரா நிற்பவர் இரண்டாம் நிலைக் காவலர். அவருக்கும் வருடா வருடம் வகுப்பு வேண்டும் என்று கேளுங்கள். பரேடு மட்டும் போதாது.

திருப்பூர்: மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, என்ன கொண்டு போகணுங்க?

அடையாள அட்டை. மற்றதை அந்தச் சிறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கு வெளியே "நான் சொல்லி விடறேன்" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஈரோடு, தொண்டு அமைப்பு: நாங்கள் எதை வலியுறுத்தலாம்?

கம்பளி, சோப்பு கொடுப்பது நல்லதுதான். அதைவிடத் தேதி பாருங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 479-ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன் பெறலாம். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல்தான். அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் கணக்குப் போடத் தெரிந்த ஆள் அலுவலகத்தில் வேண்டுமா, இல்லையா? மாவட்ட நீதிபதி தலைமையிலான மறுஆய்வுக் குழுவுக்குப் போகிற பட்டியல் அவர் மேசையில்தான் தயாராகிறது. அவருக்குப் பயிற்சி கேளுங்கள். ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023 முதல் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற தொலைபேசி எண்.

கோவை: குற்றவாளிகளுக்கு எதற்கு இத்தனை வசதி?

நாடு முழுக்கப் பார்த்தால் உள்ளே இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களைக் குற்றவாளி என்று நீங்கள் சொல்கிறீர்கள், எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை.

கோவை: வ.உ.சி. இழுத்த செக்கு பற்றிச் சொல்லுங்களேன்.

கோவைச் சிறையில் இழுத்தார். அதற்கு மேல் வரலாறு படித்தவரைக் கேளுங்கள்.

அவிநாசி: மனு பார்க்க...

மேலே பாருங்க.

தாராபுரம், ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்: பயிற்சி, சட்டம் எல்லாம் சரிங்க. சாதி பார்த்துத் தனித்தனி பிளாக்கில் போட்டால்தான் சண்டை வராது. அனுபவம் சொல்லுது.

அண்ணா, நீங்கள் சொல்கிற இதே காரணத்தைப் பாளையங்கோட்டைச் சிறை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஒருகாலத்தில் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதி பார்த்துப் பிரிப்பதும், சாதி பார்த்துத் துப்புரவு வேலை கொடுப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொல்லிவிட்டது.

அவரே: தீர்ப்பு எழுதறவங்க பிளாக்கில் பாரா நிற்கிறாங்களா?

நிற்கவில்லை. நாம் நின்றோமே, நாம் என்ன பார்த்தோம்? ஒரே சாதிக்காரர்களை ஒரே பிளாக்கில் போட்டால் அங்கே ஒரு தலைவர் உருவாவார். யார் எங்கே படுப்பது, டிவியில் எது ஓடுவது என்று அவர்தான் முடிவு செய்வார். அப்புறம் நாமே அவர் வழியாகத்தான் சேதி சொல்வோம். அதை அமைதி என்று எழுதிக்கொண்டோம்.

அவரே: அப்போ வெட்டுக்குத்து கேஸில் ரெண்டு தரப்பையும் ஒரே அறையில் போடுவீங்களா?

யாருங்க போடச் சொன்னது? பகை இருந்தால் அந்தப் பெயர்களைப் பிரியுங்கள், காரணத்தையும் எழுதி வையுங்கள். யார் யாரை மிரட்டினார், யாருக்கு முன் வழக்கு, யார் புதிது என்று விசாரித்துப் பிரிப்பதைத்தான் வகைப்படுத்துதல் என்கிறோம். அது அரை மணி நேர வேலை. சாதி கேட்பது அரை நிமிட வேலை. ஆள் பற்றாக்குறையில் நாம் சுலபமானதைப் பிடித்துக்கொண்டோம். ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு. அந்த ஆள்பலத்தைக் கேட்டுச் சண்டை போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவரே: கையெழுத்துக்கு நான் ரெடிங்க. மத்ததில் ஒத்துக்க முடியாது.

சரி. மனுவை எழுதுங்கள்.

கரூர்: தம்பியை மனு பார்க்கப் போனேன். கேட்டுப் பக்கத்தில் ஒருத்தர் ஐநூறு கேட்கிறார். கொடுத்துடலாமா?

கொடுக்காதீங்க! அவர் பெயரோ அடையாளமோ தெரிந்தால், தேதி, நேரத்தோடு கண்காணிப்பாளருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் போடுங்கள்.