குழுவில் எல்லாரும் ‘சரி’ என்கிறார்கள், வேலை மட்டும் முடிவதில்லை

அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். “ஏழு பேர் குழுவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருக்கிறேன், எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார்கள், கெடு நாளன்றுதான் வேலை முடியவில்லை என்று தெரிகிறது, ஆளை மாற்றலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

பெரும்பாலும் இது சோம்பல் இல்லை, பயம். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். உங்கள் குழுவில் கெட்ட செய்தி வராததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதைச் செய்து பாருங்கள்:

1. “ஏதாவது சந்தேகமா?” என்று கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். “இதில் எது முதலில் சறுக்கும்?” என்று கேட்டு, இரண்டு நிமிடம் எல்லாரும் எழுதட்டும். அப்புறம் அனுபவம் குறைந்தவரிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

2. தாமதமாகும் என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால் முதலில் நன்றி, பிறகு “என்ன உதவி வேண்டும்?”. நீங்கள் ஒரே ஒரு முறை முகம் சுளித்தால் போதும், மற்ற ஆறு பேரும் அதைக் கவனித்து வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை: அவர்களிடம் உண்மையிலேயே வேலை அளவுக்கு மீறி இருந்தால் இதெல்லாம் உதவாது. தனித்தனியாகக் கையிலிருக்கும் வேலைப் பட்டியலைக் கேளுங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.