விமான பிளக் மரைக்கு எந்த செட் வாங்குவது?

கேள்வி: காட்பாடியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன்; உதவிக்கு ஆள் கிடையாது, நான் ஒருவனே எல்லா வேலையும் பார்க்கிறேன். என் மைத்துனர் வெளியூரில் ஒரு விமானப் பயிற்சி நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் உதவியாளர். அங்குள்ள செஸ்னா 152 விமானத்தில் ஸ்பார்க் பிளக் துளையின் மரை தேய்ந்துவிட்டதாக அவர் சொன்னார். இணையத்தில் ‘18 மி.மீ., விமான எஞ்சினுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்த ஹெலிகாயில் செட்டை (தேய்ந்த மரைத் துளையில் பதிக்கும் கம்பிச் சுருளும் அதற்கான கருவிகளும்) என் பட்டறைக்கும் பயன்படும் என்று என் பெயரில் வாங்கினேன். மரை கேஜ் வைத்துப் பார்த்தால் வந்திருப்பது 14 மி.மீ., 1.25 பிட்ச் (மரை வரிகளின் இடைவெளி). பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர். பணம் திரும்பக் கிடைக்குமா? அல்லது துளைக்குள் பதிக்க நானே ஒரு புஷ் (உள்மரை போட்ட குழாய்த் துண்டு) கடைந்து கொடுத்துவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கடைய வேண்டாம். உங்கள் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எஞ்சினுக்குள் தங்கிவிடும் எந்தப் பாகமும், அது ஒரு சிறு கம்பிச் சுருளாக இருந்தாலும், எஞ்சின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட பாக எண்ணோடும் அமெரிக்காவின் 8130-3 படிவம் போன்ற, பாகத்தின் தகுதியை உறுதிசெய்யும் சான்றோடும் வர வேண்டும். வேலை முடிந்தபின் டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பு) உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட வேண்டும். ஆகவே 18 மி.மீ. செட்டே வந்திருந்தாலும், சான்று இல்லாத அதன் சுருளை அந்த விமானத்தில் போட்டிருக்க முடியாது.

செஸ்னா 152இல் இருப்பது நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சின். சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக்குகள்; மரை 18 மி.மீ., 1.5 பிட்ச். ஹெட் அலுமினிய வார்ப்பு என்பதால், பிளக்கைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் மரை நிற்காது. அதனால் அத்துளையில் தொடக்கத்திலேயே துருப்பிடிக்காத எஃகுச் சுருள் பதித்திருப்பார்கள். தேய்ந்ததாக மைத்துனர் சொல்வது பெரும்பாலும் அந்தச் சுருளாகத்தான் இருக்கும். அதை உருவிவிட்டுப் புதியதைப் பதிக்கலாம். பதித்த சுருளின் நுனி எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பழுக்கக் காய்ந்து, பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். அளவில் இவ்வளவு கண்டிப்பு காட்டுவது அதனால்தான்.

எஞ்சினில் தங்காமல் வெளியே வந்துவிடும் கருவிக்கு இந்தச் சான்று தேவையில்லை. மைத்துனருக்கு ஏதாவது வாங்கித்தர விரும்பினால், மரையில் படிந்த கரியை மட்டும் எடுக்கும் 18 மி.மீ. சேஸர் ஒன்றை நல்ல தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மரை வெட்டும் சாதாரண டேப்பை விட்டால் சுருளையே சிதைத்துவிடும். சேஸரின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் கரி உள்ளே விழாமல் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். எஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது வாஷர் வரை கையாலேயே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஸ்பேனரால் நெட்டித் தள்ளாமல் மரையைத் துடைக்க வேண்டும். இறுதியில் டார்க் ரெஞ்சால் லைகமிங் சொல்லும் 30 முதல் 35 அடி-பவுண்டு வரை முறுக்க வேண்டும். இறுகிப்போகாமல் இருக்கத் தடவும் பசையை, எலெக்ட்ரோடை ஒட்டிய முதல் மரையை விட்டுவிட்டு, மிகக் கொஞ்சமாகத் தடவினால் போதும். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இதில் மிச்சம் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் சொன்ன பொருள் வராவிட்டால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பிரித்துப் பார்க்காமல் அளவு தவறு என்று எப்படித்தான் தெரியும்? பட்டறைக்காக வாங்கியது வணிக நோக்கம் என்று அவர் வாதிடலாம். ஆனால் தன் உழைப்பால் பிழைக்கும் சுயதொழிலுக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பயிற்சி நிறுவனத்தின் பெயரில் பில் இருந்திருந்தால் கதை வேறு.

விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், மாற்றிவிடுவார்கள். கேஜ் பொருந்தியிருக்கும் படத்தையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால், விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை.