மீன் கழிவில் தீவனமும் எண்ணெயும்: கேள்வி பதில்

பாம்பன்: அண்ணே, வெட்டுற இடத்துல தினம் 100 கிலோ தலை, குடல் சேருது. ஆசிட் ஊத்திக் கூழாக்க அளவு சொல்லுங்க.

100 கிலோவுக்கு 85 சதவீத ஃபார்மிக் ஆசிட் 3.5 கிலோ, லிட்டரில் ஏறக்குறைய 3. குடல் மட்டும் என்றால் 3 கிலோ போதும். தலையும் முள்ளும் சேரும்போது எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஆசிட்டைத் தின்றுவிடும், அதற்குத்தான் கூடுதல். கழிவைக் கொத்துக்கறி போல அரைத்து, பிளாஸ்டிக் ட்ரம்மில் போட்டு ஊற்றுங்கள். இரும்பும் அலுமினியமும் அரித்துப்போகும். கையுறை, கண்ணாடி இல்லாமல் கேனைத் திறக்கவே கூடாது. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். முதல் நாள் மூன்று நான்கு தடவை அடிவரை கிளறுங்கள். பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே இறங்க வேண்டும். நம்ம ஊர்ச் சூட்டுக்குச் சில நாளில் கரைந்துவிடும். கரைப்பது ஆசிட் அல்ல, மீன் குடலின் நொதிகள். குடலே இல்லாத ட்ரம் மெதுவாகத்தான் கரையும்.

தொண்டி: பி.எச். தாள்ல 3.8 காட்டுச்சு. ஆனா நாலாம் நாள் நாறிப்போச்சே, ஏன்?

நீங்கள் பார்த்தது மேலே நின்ற தண்ணீரை. அடியில் கிடக்கும் ஒரு கட்டியை எடுத்துப் பிளந்து, நடுவில் தாளை ஒற்றிப் பாருங்கள். அங்கே 5, 6 காட்டினால் ஆசிட் உள்ளே போகவில்லை, அழுகல் அங்கிருந்துதான் கிளம்பியது. சரியான கூழில் புளிப்பு வாடை வரும், அழுகல் வாடை வராது. நாறியதில் மறுபடி ஆசிட் ஊற்றினாலும் நல்லதாகாது. தயவுசெய்து கோழிக்குப் போடாதீர்கள். வெட்டிய அன்றே, சில மணி நேரத்துக்குள் அரைத்து ஊற்றிவிடுங்கள்.

ஏர்வாடி: எங்க அக்கா காயவைக்கிற சங்காயத்துக்கு (தீவனத்துக்குப் போற கழிசல் பொடிமீன்) விலை குறைக்கிறாங்க.

மணலும் உப்பும்தான் காரணம். கடற்கரை மணலில் பரப்பாமல், வலைத் தட்டை உயர்த்திக் கட்டிக் காயவையுங்கள். அதற்கு முன் 15, 20 நிமிடம் வேகவைத்துப் பிழிந்தால் எண்ணெயும் தண்ணீரும் வெளியேறும், சீக்கிரம் காயும். ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 4 முதல் 5 கிலோ பச்சை மீனுக்கு 1 கிலோ தூள் கிடைக்கும். பேத்தை மீனை (பந்துபோல் ஊதிக்கொள்ளும் மீன்) ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியுங்கள். அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது.

மண்டபம்: சாளை (மத்தி மீன்) எண்ணெய் ஒரு மாசத்துல கருத்துச் சிக்கு வாடை அடிக்குது.

அடியில் தண்ணீர் நிற்கிறது. தெளியவிட்டு எண்ணெயை மட்டும் இறுத்து, கழுத்துவரை நிரப்பி மூடி, வெயில் படாமல் வையுங்கள். இரும்பு டின் வேண்டாம்.